ஸ்டார் ட்ரெக் ஒரிஜினல் சீரிஸ் ப்ளூரே பொட்டி: எந்த வரிசையில பாக்குறதுன்னு வாதாடுறவங்களுக்கான ரிவ்யூ

மொதல்லயே முடிவ சொல்லிடுறேன். ஸ்டார் ட்ரெக் ஒரிஜினல் சீரிஸ, அதாவது என்டர்பிரைஸ்ங்கிற விண்வெளிக் கப்பல்ல போறவங்களோட கதையச் சொல்ற பழைய டீவி தொடர, ஒரு தடவ பாத்துட்டு விட்டுட்டு போறவங்களுக்கு இந்த பொட்டி தேவையில்ல. ஆனா கெப்டன் கேர்க் பேருக்கு நடுவுல வர்ற எழுத்து ஏன் மாறுச்சு, கப்பல்ல டொக்டர் எப்ப மாறினாரு, கான்ங்கிற வில்லன் எப்புடி கப்பல் ஆளு செக்கொவ அடையாளம் கண்டான்னு சோறு ஆறிப்போனாலும் விடாம பேசுற ஆளுங்க ஒங்க வீட்டுல இருந்தா இத வாங்குங்க, தைரியமா வாங்குங்க. கன்டினியூட்டி, அதாவது ஒரு எபிசோட்ல காட்டினது இன்னொன்னோட ஒத்துப்போகுதாங்கிறத பத்தி பேசுறதுக்கு வேண்டிய ஆதாரம் கிட்டத்தட்ட மொத்தமும் ஒரே பொட்டிக்குள்ள இருக்கு. கொறையும் இருக்கு, அதுல ஒன்னு பெரிய கொற, அதப் பத்தித்தான் நீளமா எழுதப்போறேன், ஏன்னா காசு குடுக்குறவங்க தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும்.

உள்ள இருக்குறது இதுதான்: மூணு சீசன், 79 எபிசோட், 1966 செப்டம்பர் 8ல தொடங்கி 1969 ஜூன் 3 வரைக்கும் அமெரிக்காவுல என்பீசீ சேனல்ல போனது. மொத்தம் 20 டிஸ்க், மொத ரெண்டு சீசனுக்கும் ஏழு ஏழு, மூணாவதுக்கு ஆறு. 2009ல ஒவ்வொரு சீசனா ப்ளூரேல வந்துச்சு, பிறகு எல்லாத்தையும் சேத்து ஒரு பொட்டியா போட்டாங்க. எங்களுக்கு கட்டார்ல வேல செய்ற அண்ணன் கொண்டுவந்து குடுத்தாரு. ஹட்டன் பக்கம் தோட்டத்துல இருக்கோம், மழ காலத்துல பொழுது சாஞ்சா வெளிய எறங்க ஏலாது, வீட்டுக்குள்ளதான் இருப்போம், அதனால இது எங்க வீட்டுல நல்லாவே ஓடுது.

பாக்குறது நாங்க நாலு பேரு. தேயில ஃபெக்டரியில டீமேக்கரா இருந்து ரிட்டயர் ஆன மாமா, தலவாக்கலையில இருந்து லீவுக்கு வர்ற மச்சான், கார்மென்ட்ஸ்ல தைக்கிற தங்கச்சி, பிறகு நான். நாலு பேருக்கும் இந்த சீரிஸ் மேல உசுரு. நாலு பேருக்கும் ஒரே கருத்து இருந்ததே இல்ல.

இப்ப அந்த பெரிய கொற. டிஸ்க்குல எபிசோட அடுக்கியிருக்குறது டீவில போன வரிசையில. ஷூட் பண்ணின வரிசை அது இல்ல. ரெண்டும் ஒன்னுதானேன்னு நெனைக்காதீங்க, மொத சீசன்ல ரெண்டும் தலைகீழா கெடக்கு. டீவில மொதல்ல போன த மேன் ட்ரெப், ரெண்டு பைலட்டையும் (சேனலுக்கு காட்ட மாதிரியா எடுத்த எபிசோட்) சேத்து எண்ணினா ஆறாவதா ஷூட் பண்ணினது. பைலட் முடிஞ்சு சீரிஸுக்குன்னு மொத மொத ஷூட் பண்ணின த கோர்போமைட் மனூவர் டீவில போனது பத்தாவதா, நவம்பர் 10ந் திகதி. காரணம் கஷ்டமானது ஒன்னும் இல்ல, அந்த எபிசோட்ல விண்வெளிக் காட்சி நெறைய, அந்த காலத்துல மினியேச்சர் கப்பல ஃபிலிம்ல எடுத்து ஒன்னுக்கு மேல ஒன்னா சேத்துத்தான் எஃபெக்ட்ஸ் செய்யணும், அது முடிஞ்சு வர நாள் புடிச்சுச்சு, அதுக்குள்ள எது ரெடியா இருந்துச்சோ சேனலுக்கு எது புடிச்சிச்சோ அத போட்டுட்டாங்க.

அதனால என்ன ஆகுதுன்னா, மொத டிஸ்க்க போட்டு அப்புடியே பாத்துக்கிட்டு போறவங்களுக்கு மொத எபிசோட்லயும் ரெண்டாவதுலயும் டொக்டர் மெக்கோய் இருப்பாரு, மூணாவதா வேர் நோ மேன் ஹேஸ் கோன் பிஃபோர் வரும், அதுல திடீர்னு பைப்பர்னு வயசான வேற ஒரு டொக்டர், கப்பல்ல தகவல் தொடர்பு பாக்குற ஊஹுராவ காணோம், எல்லாரு உடுப்பும் வேற மாதிரி, சூலூ கப்பல ஓட்டுறதுக்கு பதிலா சயன்ஸ் பக்கம் வேல செய்றாரு, அடுத்த வாரம் ஒன்னுமே நடக்காத மாதிரி எல்லாம் பழையபடி. அது ரெண்டாவது பைலட், அவ்வளவுதான் விசயம். மத்த எல்லாத்துக்கும் முந்தி எடுத்தத மூணாவதா சொருகிட்டாங்க.

தங்கச்சி கண்டுபுடிச்சது இதவிட நல்ல ஆதாரம். அவ தைக்கிறவ, துணிய பாக்குற கண்ணு வேற. ஊஹுராவோட உடுப்பு மொத எபிசோட்ல செவப்பு, பிறகு மட்ஸ் விமன்ல மஞ்சள், பிறகு செவப்பு, பிறகு கோர்போமைட்ல திரும்ப மஞ்சள், பிறகு கடைசி வரைக்கும் செவப்பு. மஞ்சள்னா கமாண்ட் ஆளுங்களுக்கு, செவப்பு எஞ்சினியரிங் பக்கம், அப்ப அவங்கள அங்க இங்க மாத்திக்கிட்டே இருந்தாங்களான்னு கேட்டா. மாமா ஏதோ டியூட்டி மாறியிருக்கும்னு சொன்னாரு. ஆனா ஷூட் பண்ணின வரிசைய எடுத்துப்பாருங்க, கோர்போமைட், அதுக்கு அடுத்து மட்ஸ் விமன், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரும், ரெண்டுலயும் மஞ்சள், அதுக்கு பிறகு எடுத்ததுல செவப்பு. ஒரே ஒரு தடவ மாறியிருக்கு, அதுவும் தொடக்கத்துலயே. டியூட்டியும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல, வரிசைய சரியா வச்சா கேள்வியே இல்லாம போயிருது.

கப்பல்ல வேல செய்ற, பாதி மனுசன் பாதி வேற்றுக்கெரகத்து ஆளான ஸ்பொக்கோட அம்மா விசயமும் அப்புடித்தான். ரெண்டாவது பைலட்ல ஸ்பொக் தன்னோட முன்னோர்ல ஒருத்தர் மனுசப் பொண்ண கட்டினதா சொல்றாரு, கேக்குற நமக்கு அது பாட்டன் பூட்டன் காலத்து கத மாதிரி இருக்கும். கோர்போமைட்ல தன்னோட அம்மாவே பூமியில பொறந்தவங்கன்னு வெளங்குற மாதிரி பேசிடுறாரு. ஷூட் பண்ணின வரிசையில இந்த ரெண்டும் அடுத்தடுத்து வர்றதால எழுதுறவங்க அந்த பாத்திரத்த உருவாக்கிக்கிட்டு இருக்காங்கன்னு கண்ணு முன்னாலயே தெரியுது. டிஸ்க் வரிசையில ஒன்னு மூணாவது, மத்தது பத்தாவது, நடுவுல எல்லாம் மறந்துரும். முன்னோர்னா அம்மாவும் முன்னோர்தானேன்னு மச்சான் ஒரு வாதம் வச்சான், அதுல ஞாயம் இருக்கு, நான் இல்லன்னு சொல்லல, ஆனா பெத்த தாய யாரும் அப்புடி சொல்றதில்ல.

இந்த இடத்துல நான் எந்தப் பக்கம்னு தெளிவா சொல்லிடுறேன். ஷூட் பண்ணின வரிசையிலதான் பாக்கணும். கன்டினியூட்டி பிழைன்னு நாம சத்தம் போடுற பல விசயம் பிழையே இல்ல, கலைச்சு அடுக்கினதால வந்த கொழப்பம். மாமாவுக்கு அவரோட ஃபெக்டரி கணக்க வச்சே சொன்னேன்: தேயிலய ஆக்கி மூட்ட கட்டும்போது இன்வொய்ஸ் நம்பர் ஒரு வரிசையில போகும், கொழும்பு ஏலத்துல எது முந்தி விக்கும்ங்கிறது வேற, ஆனா ஒரு லொட்ல ருசி ஏன் மாறுச்சுன்னு தேடணும்னா ஏல திகதிய பாக்க மாட்டீங்க, இன்வொய்ஸ் நம்பரத்தான் பாப்பீங்க மாமா, அதே மாதிரிதான் இதுவும். மாமா அத ஏத்துக்கிட்டாரு, ஆனா கட்சி மாறல. அவரு சொல்றது, 1966ல வீட்டுல உக்காந்து பாத்த சனங்களுக்கு கத அப்புடித்தான் வந்து சேந்துச்சு, சொன்னவன் எந்த வரிசையில சொன்னானோ அதுதான் கதன்னு. மரியாதையான வாதம்தான். ஆனா அந்த வரிசைய கத எழுதினவங்க முடிவு பண்ணலையே, எஃபெக்ட்ஸ் எப்ப முடியுதுங்கிறதுதானே முடிவு பண்ணுச்சு.

ஷூட் பண்ணின வரிசையில பாக்க ஆசப்பட்டா இந்த பொட்டியில படுற கஷ்டம் என்னன்னா, எல்லாத்துக்கும் முந்தி எடுத்த மொத பைலட் த கேஜ் இருக்குறது மூணாவது சீசன்ல. ஆமா, 1964ல ஷூட்டிங் தொடங்கினது கடைசி சீசனோட டிஸ்க்குல இருக்கு. ரெண்டாவது பைலட்டோட டீவில போகாத பழைய கட் ஒன்னும் அங்கதான் இருக்கு, ஜெர்மனியில ஒரு ஃபிலிம் சேகரிக்கிற ஆள்கிட்ட இருந்து கெடச்சது, தொடக்கத்துல வர்ற பேச்சும் எடிட்டிங்கும் நாம பாத்ததுல இருந்து வேற. அத பாக்க கெடச்சதே பெரிய விசயம், அதுக்காகவே இந்த பொட்டிய கையில வச்சு கும்புடலாம். ஆனா மெனுவில ஷூட் பண்ணின வரிசையில ஓட விடுறதுக்கு ஒரு ஒப்ஷன் வச்சிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? ஒவ்வொரு எபிசோடுக்கும் எந்திரிச்சு போயி டிஸ்க் மாத்த வேண்டியிருக்கு. தங்கச்சி ஒரு கொப்பி தாள்ல வரிசைய எழுதி பொட்டிக்குள்ள வச்சிருக்கா, அது இல்லாட்டி எங்களுக்கு ஓடாது.

மூணாவது கட்சி மச்சானோடது. அவன் ஸ்டார்டேட் ஆளு. ஒவ்வொரு எபிசோட்லயும் கெப்டன் லொக் (கப்பல் டயரி) சொல்லும்போது வர்ற ஸ்டார்டேட் நம்பர வச்சு அடுக்கணும்ங்கிறான், கதைக்குள்ளயே திகதி இருக்கும்போது டீவி திகதி எதுக்கு, ஷூட்டிங் திகதி எதுக்குங்கிறான். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எழுத்தாளர்களுக்கு குடுத்த வழிகாட்டியிலயே நாலு இலக்கத்துல ஏதாவது ஒரு நம்பர எடுத்து ஒரு புள்ளி போட்டுக்கங்கன்னுதான் இருந்துச்சு, ஒரே எபிசோடுக்குள்ள நம்பர் ஏறிக்கிட்டு போனா போதும். பிறகு கேள்வி கேட்டவங்களுக்கு, கப்பல் அண்டத்துல எந்த இடத்துல எவ்வளவு வேகத்துல போகுதுங்கிறத பொறுத்து நம்பர் மாறும், வரிசையா வரணும்னு இல்லன்னு சீரிஸ உருவாக்கின ஜீன் ரொடன்பெரி விளக்கம் குடுத்தாரு. அந்த விளக்கத்த ஏத்துக்கிட்டா அந்த நம்பர வச்சு வரிச போடவே ஏலாது. கோர்போமைட் 1512, மட்ஸ் விமன் 1329, அப்ப மட்ஸ் விமன் முந்தி வரும், சரி, அதனால ஒன்னும் கெட்டுப்போகல. மத்த எபிசோடெல்லாம் எங்கெங்கயோ போயி விழும்.

ஆனா அவன் கையில ஒரு சீட்டு இருக்கு, அத நான் மதிச்சுத்தான் ஆகணும். 1982ல வந்த த ராத் ஒஃப் கான் படத்துல கான் செக்கொவ பாத்தவொடனே மொகத்த மறக்க மாட்டேன்னு சொல்றான். கான் வந்த எபிசோட் ஸ்பேஸ் சீட், 1967 பெப்ரவரி 16ல போனது. செக்கொவ் சீரிஸுக்கு வந்ததே ரெண்டாவது சீசன்ல, அதுக்கு ஏழு மாசம் கழிச்சு. அப்ப எங்க பாத்தான்? சீரிஸோட ரொம்ப பிரபலமான ஓட்ட இதுதான். இப்ப மச்சான் சொல்றத கேளுங்க. ஸ்பேஸ் சீட்ல ஸ்டார்டேட் 3141.9. ரெண்டாவது சீசனுக்கு மொதல்ல ஷூட் பண்ணின கெட்ஸ்போ எபிசோட்ல செக்கொவ் கப்பலோட கட்டுப்பாட்டு அறையில வேல செய்றாரு, அதுல ஸ்டார்டேட் 3018.2. சின்ன நம்பர்! அதாவது கதைக்குள்ள இருக்குற திகதிப்படி கான் கப்பலுக்கு வர்றதுக்கு முந்தியே செக்கொவ் அங்க இருந்திருக்காரு, நம்ம கண்ணுல படல, அவ்வளவுதான். இத அவன் சொன்னப்ப நாங்க ரெண்டு டிஸ்க்கையும் மாத்தி மாத்தி போட்டு லொக் பேச்ச கேட்டோம், நம்பர் சரியாத்தான் இருக்கு. இந்த பொட்டியால கெடைக்கிற சந்தோசம் இதுதான், யாரோ சொன்னாங்கன்னு நம்ப வேண்டியதில்ல, போட்டு கேட்டுடலாம்.

அதுக்காக நான் ஸ்டார்டேட் கட்சிக்கு போகல. ஒரு ஓட்டைய அடைக்கிறதுக்காக மொத்த வீட்டையும் இடிச்சு கட்ட வேணாம், அந்த கப்பல்ல 400 பேருக்கு மேல இருக்காங்க, செக்கொவ் கீழ் டெக்குல எங்கயாவது வேல செஞ்சுக்கிட்டு இருந்திருக்கலாம், அதுக்கு ஸ்டார்டேட் தேவையில்ல.

எந்த வரிசையில வச்சாலும் தீராத பிரச்சின சிலது இருக்கு, எனக்கு அதுலதான் ஆர்வம் அதிகம். த எனிமி விதின் எடுத்துக்கங்க. ஆளுங்கள ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு கண நேரத்துல அனுப்புற ட்ரான்ஸ்போர்ட்டர் பழுதாகி கேர்க் ரெண்டு ஆளா பிரிஞ்சு போறாரு, சூலூவும் இன்னும் சில பேரும் கீழ கெரகத்துல மாட்டிக்கிட்டு குளிருல வெறைச்சு சாகப்போறாங்க, ஃபேசர்ங்கிற கதிர் துப்பாக்கியால கல்ல சுட்டு அந்த சூட்டுல ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. நமக்கு மொத கேள்வி, ஷட்டில் (பெரிய கப்பல்ல இருந்து எறங்குற சின்ன கப்பல்) ஒன்ன அனுப்பி ஏத்திக்கிட்டு வந்தா என்ன? உண்மையான பதில், அப்ப ஷட்டில்னு ஒன்னு கெடையாது. மொடல் கார் செஞ்சு விக்கிற ஏஎம்டீ கொம்பனியோட ஒப்பந்தம் போட்டு ஷட்டில முழு சைஸ்ல செஞ்சு எடுத்தது பிறகுதான், த கெலிலியோ செவன் எபிசோடுக்காக. அதுக்கு முந்தி எழுதினவங்க மனசுல ஷட்டிலே இல்ல. மாமா அந்த கெரகத்துல காத்து பலமா இருந்திருக்கும், எறக்க ஏலாதுன்னு சொல்றாரு. இருக்கலாம் மாமா, ஆனா எபிசோட்ல அப்புடி ஒரு வசனம் இல்லையே. ஒரே ஒரு வசனம் போதும், யாராவது ஒருத்தர் ஷட்டில் பே கதவு தொறக்கலன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அந்த குளிருல நடுங்குற ஆளுங்கள பாக்கும்போது, சின்ன வயசுல இருந்தே குளிர் காத்துல வளந்த எங்களுக்கு வேற யாருக்கும் வர்றதவிட அந்த கேள்வி வேகமா வருது.

கல்லறையில இருக்குற எழுத்தும் அப்புடித்தான். ரெண்டாவது பைலட்ல கேரி மிட்செல் தன்னோட சக்தியால கேர்க்குக்கு கல்லறக்கல் செய்றான், அதுல ஜேம்ஸ் ஆர். கேர்க்னு இருக்கும். பிறகு எப்பவும் ஜேம்ஸ் டீ. கேர்க். டீன்னா டைபீரியஸ்னு அனிமேட்டட் சீரிஸ்ல 1974ல ஒரு எபிசோட்ல சொல்லிட்டாங்க. மிட்செல் பழைய கூட்டாளி, கூட்டாளி பேரு தெரியாதா? கடவுள் மாதிரி ஆகிட்டேன்னு நெனைச்சவன் எழுத்துல பிழ விட்டான்னு தங்கச்சி சொல்ற விளக்கம் எனக்கு ரொம்ப புடிக்கும், சக்தி வந்தாலும் அவன் மனுசன்தான்னு காட்டுதுன்னு சொல்றா. அப்புடி யாரும் திட்டம் போட்டு எழுதல, ஆனா கதைக்கு அது பொருந்துது. நல்ல கன்டினியூட்டி வாதம்னா எனக்கு இதுதான், பிழைய புடிச்சு அடிக்கிறது மட்டும் இல்ல, அந்த பிழைய வச்சு கதைய இன்னும் ஆழமா பாக்குறது.

அப்ப செஞ்சவங்க கவலையே படலன்னு சொல்ற ஆளுங்களுக்கும் ஒன்னு சொல்லணும். ஸ்க்ரிப்ட் எழுதினவொடனே டி ஃபொரெஸ்ட்னு ஒரு ரிசேர்ச் ஒஃபீஸுக்கு அனுப்பி, பேரு சரியா, விஞ்ஞானம் சரியா, முந்தி சொன்னதோட இடிக்குதான்னு பாத்து குறிப்பு வாங்குவாங்க. வாரத்துக்கு ஒரு எபிசோட், கம்ப்யூட்டர் இல்ல, வீட்டுல திருப்பி போட்டு பாக்க வீடியோ இல்ல. அந்த நெலமையில இவ்வளவு ஒத்துப்போகுறதுதான் எனக்கு ஆச்சரியம்.

இனி இந்த பொட்டியோட நெசமான பலம். ஒவ்வொரு எபிசோடையும் ரெண்டு விதமா பாக்கலாம், 1960கள்ல இருந்த பழைய எஃபெக்ட்ஸோட, இல்லாட்டி 2006ல இருந்து கம்ப்யூட்டர்ல புதுசா செஞ்ச எஃபெக்ட்ஸோட. ரிமோட்ல ஏங்கிள் பட்டன அமுக்கினா ஓடிக்கிட்டு இருக்கும்போதே மாறும். புது வேலைய பாத்துக்கிட்டவங்க மைக்கல் ஒகூடா, டெனிஸ் ஒகூடா, டேவிட் ரொஸி, மூணு பேரும் இந்த சீரிஸ கரச்சு குடிச்சவங்க, வாதாடுறவங்களோட கேள்வியெல்லாம் அவங்களுக்கு தெரிஞ்சிருக்கு. உதாரணத்துக்கு த அல்டிமேட் கம்ப்யூட்டர் எபிசோட்ல வோடன்னு ஒரு சரக்குக் கப்பல் வரும். பழசுல காசு மிச்சம் பண்றதுக்காக ஸ்பேஸ் சீட்ல வந்த கானோட கப்பல் காட்சியவே திரும்ப போட்டுட்டாங்க. யோசிச்சு பாருங்க, கானோட கப்பல் 1990கள்ல பூமியில இருந்து கெளம்பினது, 23வது நூற்றாண்டு சரக்குக் கப்பலும் அச்சா அதே மாதிரி இருக்கு. புதுசுல அத எடுத்துட்டு அனிமேட்டட் சீரிஸ்ல வந்த சரக்குக் கப்பல் மாதிரி ஒன்ன வச்சிருக்காங்க. அந்த அனிமேட்டட் எபிசோடும், மோர் ட்ரிபிள்ஸ் மோர் ட்ரபிள்ஸ், ரெண்டாவது சீசன் டிஸ்க்குல இருக்கு, எடுத்து ஒத்துப்பாக்கலாம். இத கண்டப்ப எங்க வீட்டுல எல்லாரும் கை தட்டினோம்.

ஆனா இங்கதான் புதுசா ஒரு வாதம் மொளைக்குது. ஆதாரம்னு எத எடுக்குறது, பழசையா புதுசையா? த டூம்ஸ்டே மெஷின்ல ஒடஞ்சுபோன கொன்ஸ்டலேஷன் கப்பல் வரும், அதோட நம்பர் 1017. கடையில விக்கிற ஏஎம்டீ பிளாஸ்டிக் மொடல வாங்கி, அதோட வந்த என்டர்பிரைஸ் நம்பரான 1701 ஸ்டிக்கர மாத்தி ஒட்டினா வேற என்ன நம்பர் வரும்? அதனால அந்த நம்பர். ஆனா கதைக்குள்ள, என்டர்பிரைஸ் மாதிரியே இருக்குற கப்பலுக்கு ஏன் அவ்வளவு சின்ன நம்பர், அது பழைய கப்பலா, பிறகு புதுப்பிச்சாங்களான்னு இன்னைக்கும் பேசுறோம். புது வேர்ஷன்ல கப்பல அழகா செஞ்சிருக்காங்க, நம்பர அப்புடியே விட்டுட்டாங்க, அது சரியான முடிவு. மச்சான் புதுச தொடவே கூடாதுங்கிறான், மாமாவுக்கு கண்ணுக்கு குளிர்ச்சியா இருந்தா போதும். என்னோட தீர்ப்பு, வாதம்னு வந்தா பழசுதான் சாட்சி, ரசிக்கிறதுக்கு புதுச வச்சுக்கலாம். பேலன்ஸ் ஒஃப் டெரர் பழசுல கேர்க் ஃபேசர் சுடச் சொல்றாரு, தெரியுறது கோடு இல்ல, வெளிச்ச உருண்ட மாதிரி. அது அப்ப எடுத்த முடிவு, அத வச்சு பேசுறதுதான் ஞாயம்.

க்ளிங்கன்னு வர்ற வேற்றுக்கெரக ஆளுங்களோட நெத்தி பத்தி கேப்பீங்க, சுருக்கமா சொல்லிடுறேன். 1967ல எரண்ட் ஒஃப் மர்சில மொதல்ல வந்தப்ப நெத்தி சாதாரணமா இருந்துச்சு, 1979 படத்துல இருந்து எலும்பு வரி வரியா வந்துச்சு. ரெண்டாவது சீசன் டிஸ்க்குல டீப் ஸ்பேஸ் நைன் சீரிஸோட ட்ரயல்ஸ் அன்ட் ட்ரிபிளேஷன்ஸும் போனஸா குடுத்திருக்காங்க, 1996ல வந்தது, அதுல பழைய நெத்தி க்ளிங்கன்கள பாத்துட்டு கேள்வி கேட்டா அந்த சீரிஸ்ல வர்ற க்ளிங்கன் ஆளு வோர்ஃப் அத வெளியாளுங்கட்ட பேசுறதில்லன்னு முடிச்சிருவாரு. எனக்கு அந்த ஒரு பதிலே போதும். 2005ல என்டர்பிரைஸ் சீரிஸ்ல ரெண்டு எபிசோட் போட்டு வைரஸ்னு காரணம் சொன்னாங்க, அது இந்த பொட்டியில இல்ல, எனக்கு அது தேவைப்படவும் இல்ல.

படம், சத்தம் ரெண்டும் ரொம்ப தெளிவு, டீவி முழுக்க இழுத்து விரிக்காம பழைய சதுர சைஸ்லயே வச்சிருக்காங்க, அதுக்கு நன்றி. தெளிவு கூடினதால தங்கச்சி கண்ணுக்கு தையல் எல்லாம் தெரியுது, செட்டுல பெயின்ட் தெரியுது, வாதத்துக்கு இன்னும் தீனி. தமிழ்ல சப்டைட்டில் கெடையாது, மாமாவுக்கு வேகமா பேசுற எடத்துல நிப்பாட்டி நிப்பாட்டி சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு, நாலு பேரும் சேந்து பாக்குறதால அது கஷ்டமா தெரியல.

மலநாட்டுல இருக்குறவங்களுக்கு தனியா ஒரு எச்சரிக்க. நம்ம ஈரத்துக்கு அட்டப்பொட்டி தாங்காது. மேற்கு பக்கத்து மழ தொடங்கினா செவரே வேர்க்குது, உள்ள இருக்குற தாளெல்லாம் பூஞ்சணம் புடிச்சு ஒட்டிக்கும். நாங்க டிஸ்க்குகள எடுத்து மூடி இறுக்கமா இருக்குற பிளாஸ்டிக் டப்பாவுல, சப்பாத்து பொட்டியில வர்ற அந்த ஈரம் உறிஞ்சுற பொட்டலத்தோட வச்சிருக்கோம். அனுப்புறவங்க நல்லா சுத்தி அனுப்பினாங்களான்னு பாத்து வாங்குங்க, எங்களுக்கு வந்தப்ப ஒரு கேஸோட கீல் ஒடஞ்சிருந்துச்சு, டிஸ்க்குக்கு ஒன்னும் ஆகல. 7, 7, 6ன்னு எண்ணிப்பாத்து வாங்குங்க, பழைய பொட்டி வாங்குறதா இருந்தா கட்டாயம் எண்ணுங்க. கரண்ட் போய் வந்தா எங்க ப்ளேயர் விட்ட இடத்துல இருந்து ஓடாது, திரும்ப மெனுவில இருந்து வரணும், அது ப்ளேயர் பிரச்சின, பொட்டி மேல குத்தம் இல்ல.

விலை கொறஞ்சது இல்ல, நாலஞ்சு பேரு சேந்து வாங்கி மாறி மாறி வச்சுக்கிட்டா நல்லது, ஒரு ஆளு தனியா வச்சு பாக்குறதுக்கு இது ஏத்த சீரிஸும் இல்ல, பக்கத்துல இருந்து மறுத்து பேச ஒருத்தராவது வேணும்.

கடைசியா, வாங்கினவங்க தொடங்குற வழி. புது ஆளுங்கள, சின்ன புள்ளைங்கள வச்சு பாக்குறதா இருந்தா த கேஜ்ல தொடங்காதீங்க, அதுல கெப்டனே வேற ஆளு, ஸ்பொக் சிரிக்கிறாரு, புள்ளைங்க கொழம்பிடுங்க. ரெண்டாவது பைலட்டையும் தள்ளி வைங்க. மொத சீசன்ல பத்தாவதா கெடக்குற கோர்போமைட்ட எடுத்து மொதல்ல போடுங்க, அடுத்து மட்ஸ் விமன், அடுத்து எனிமி விதின், பிறகு மேன் ட்ரெப், நேக்கட் டைம், சார்லி எக்ஸ், பேலன்ஸ் ஒஃப் டெரர். அது வரைக்கும் பாத்து ஆளுங்க மனசுல பதிஞ்ச பிறகு பைலட் ரெண்டையும் போட்டீங்கன்னா, யாரும் சொல்லிக் குடுக்காமலே புள்ளைங்க தானா கேக்க தொடங்கும், டொக்டர் எங்க, ஊஹுரா எங்க, ஸ்பொக் ஏன் சிரிக்கிறாருன்னு.